காசும் குடுத்து நாமளே கழுவுறதா?



இந்தப் பத்தியை வாசித்துவிட்டு ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "எவ்வளவு முதல் வேண்டும்?" என்பதைத்தான். ஆனால் சென்ற வருடம் ஓட்டமாவடியில் என் வீட்டுக்கு வந்த ஓர் இளைஞர் வேறு விதமாக ஆரம்பித்தார். "காக்கா, கடைக்கு எல்லாம் யோசிச்சிட்டன். பெயர்தான் வருகுதில்ல" என்றார்.

அவர் ஆறு வருடங்கள் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வேலை செய்தவர். அங்கே அறையில் தங்கியிருந்த காலமெல்லாம், காசு போட்டால் உடுப்புக் கழுவித் தரும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கடைக்கு வாரம் ஒரு தடவை போய்வந்திருக்கிறார். அப்படியொரு கடையை வாகரையில் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாகரையில் அவருடைய தமிழ் நண்பர் ஒருவருக்கு வாவிப் பக்கமாக ஒரு காணி இருந்தது. கழுவும் இயந்திரங்கள் நான்கு, காயவைக்கும் இயந்திரங்கள் இரண்டு என்பது திட்டம். ஆறு வருடச் சேமிப்பு முழுவதும் அதற்குள் போகும். போதாததற்கு உம்மாவின் நகையையும் அடகு வைக்க யோசித்திருந்தார்.

பெயர் என்பது கடைசியில் பார்த்துக்கொள்ளும் சின்ன வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த இளைஞரோடு சேர்ந்து பெயர் தேடிப் போனபோது நான் படித்த பாடத்தைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊருக்கு ஒரு பெயர்

இந்த வியாபாரம் அமெரிக்காவில் பிறந்தது. 1934 ஏப்ரல் 18ஆம் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தின் போர்ட் வேர்த் நகரில் நான்கு மின்சாரக் கழுவும் இயந்திரங்களோடு ஒரு கடை திறக்கப்பட்டது. பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. சொந்தமாக இயந்திரம் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அவற்றைப் பாவித்தன. கடைக்கு வைத்த பெயர் 'வொஷட்டீரியா'. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே பரிமாறிச் சாப்பிடும் 'கபட்டீரியா' அந்த மக்களுக்கு ஏற்கனவே பழக்கம். அந்தச் சொல்லின் வாலை எடுத்து இதில் ஒட்டியதும், உள்ளே போய் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

1940களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் தானியங்கிக் கழுவும் இயந்திரத்துக்கு 'லோண்ட்ரோமட்' என்று வணிகப் பெயர் வைத்தது. லோண்டரியையும் ஒட்டோமெட்டிக்கையும் சேர்த்துப் பின்னிய சொல் அது. காலப்போக்கில் அந்த நிறுவனத்தின் பெயர், அந்த வகைக் கடைகள் அனைத்துக்குமான பொதுப் பெயராகிவிட்டது. எந்தக் கம்பனியின் பொருளாக இருந்தாலும் குழந்தைக்குக் கட்டுவதை நாம் 'பம்பஸ்' என்று சொல்வதைப் போலத்தான்.

இங்கிலாந்தில் இதே கடை 'லோண்டரெட்' ஆயிற்று. லோண்டரிக்குச் செல்லமாக ஒரு வால் முளைத்தது போன்ற பெயர். 1949 மே 9ஆம் திகதி லண்டனின் குயின்ஸ்வே வீதியில் திறக்கப்பட்டதே அந்நாட்டின் முதலாவது கடை என்பார்கள். ஜப்பானில் 'கொயின் ரண்டரி' என்கிறார்கள். நாணயக் குற்றி போட்டால் வேலை நடக்கும் என்ற செய்தி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மலேசியாவில் இதன் பெயர் 'டோபி லயான் டிரி'. 'லயான் டிரி' என்றால் தனக்குத்தானே பரிமாறிக்கொள்வது. 'டோபி' நமக்குத் தெரிந்த அதே டோபிதான். கழுவுதலைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்து, இந்தியத் தொழிலாளர்களோடு கப்பலேறி மலாய் மொழிக்குள் குடியேறிய சொல். சிங்கப்பூரில் அவர்கள் ஓடைக்கரையில் துணி துவைத்த இடம் இன்றும் 'டோபி கோட்' என்ற பெயரோடு பெரிய ரயில் நிலையமாக இருக்கிறது.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று 'நீயே எடுத்துச் செய்' என்கிறது. ஒன்று 'இயந்திரம் தானாகச் செய்யும்' என்கிறது. இன்னொன்று 'குற்றி போடு' என்கிறது. அந்தந்த ஊர் மக்களுக்கு எது உடனே விளங்குமோ அதைப் பிடித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரில் விளங்கிய பெயர் இன்னோர் ஊரிலும் விளங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

என் சொந்த அனுபவம்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்னொரு காலத்தில் நான் சிறிய பலசரக்குக் கடையொன்று நடத்தினேன். கொழும்பில் பார்த்த ஆசையில் பொருட்களை எல்லாம் தட்டுகளில் அடுக்கி, வாசலில் 'சுயசேவை' என்று பெரிதாக எழுதி வைத்தேன். வந்தவர்கள் கூடையை எடுக்கவில்லை. வழமை போலத் துண்டுக் கடுதாசியை நீட்டிக்கொண்டு காசுமேசைக்கு முன்னால் நின்றார்கள். மூன்று மாதங்களில் தட்டுகளைக் கழற்றி, பழையபடி மேசைக்குப் பின்னால் நான் நின்றேன். பிழை வாடிக்கையாளரில் இல்லை. அவர்களுக்கு விளங்காத சொல்லை வாசலில் எழுதியவன் நான்.

வாகரையில் கேட்ட வார்த்தை

ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் புறப்பட்டோம். நாவலடிச் சந்தியில் திருகோணமலை வீதிக்குத் திரும்பி, காயான்கேணி, மாங்கேணி தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்தால் வாகரைக்குப் போனோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன ஊர் அது. 2006இன் இறுதியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த மக்கள் 2007இலிருந்து மீண்டும் குடியேறி, சட்டி பானையிலிருந்து புதிதாகத் தேடிக்கொண்டவர்கள். கடலையும் வாவியையும் வயலையும் நம்பி வாழும் குடும்பங்கள். ஒவ்வொரு ரூபாவும் எண்ணித்தான் வெளியே வரும்.

நண்பரின் வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் இருந்தார். இளைஞர் அவரிடம் தன் திட்டத்தை விளங்கப்படுத்தினார். "அம்மா, சுயசேவைச் சலவையகம் ஒண்டு போடப்போறம். நீங்க உடுப்பக் கொண்டு வந்து, நீங்களே மெஷின்ல போட்டு, நீங்களே எடுத்துக்கொண்டு போகலாம்."

அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காசும் குடுத்து நாமளே கழுவுறதா தம்பி?"

இளைஞருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு என் பலசரக்குக் கடை ஞாபகம் வந்தது.

'சலவை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் பகுதி மக்களின் மனதில் எழுவது, அழுக்கு உடுப்பைக் கொடுத்துவிட்டு வெளுத்து அயன் பண்ணியதை வாங்கிவரும் காட்சிதான். 'லோண்டரி'யும் அப்படியே. அந்தப் பெயருக்குள் இன்னொருவருடைய உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்குத்தான் காசு. உழைப்பையும் நானே கொடுத்து, காசையும் நானே கொடுப்பதா என்று அந்த அம்மா கேட்டது முற்றிலும் நியாயமான வியாபாரக் கேள்வி.

மலேசியப் பெயரின் பாதியையாவது எடுத்து 'டோபி' என்று போடலாமா என்று இளைஞர் கேட்டார். நண்பர் உடனே தலையை ஆட்டினார். "அது வேணாம். இஞ்ச அந்தச் சொல்லக் கேட்டா வேலைய நினைக்கமாட்டாங்க, ஆரு எவரெண்டுதான் நினைப்பாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. மட்டக்களப்புப் பகுதியில் கட்டாடிமார் என்று அழைக்கப்பட்ட குடும்பங்கள் ஊருக்கு வெளுத்ததோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெள்ளை விரிப்பதும் அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. கூலி பெரும்பாலும் நெல்லாகக் கிடைத்தது. பிறப்பை வைத்து ஒரு வேலையைத் தலையில் கட்டிய வழக்கம் அது. அந்தப் பிள்ளைகள் இன்று படித்து வேறு தொழில்களுக்குப் போயிருக்கிறார்கள். பழைய காயத்தை நாம் ஏன் பெயர்ப்பலகையில் எழுத வேண்டும்? மலாய் மொழிக்குப் போன 'டோபி' அந்தப் பாரத்தைக் கப்பலிலேயே இறக்கிவிட்டது. நம் ஊரில் அது இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அப்போது நண்பர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி வேறு விதமாகச் சொன்னார். "அம்மா, வயலுக்குத் தண்ணி இறைக்கிற மிசின வாடகைக்கு எடுக்கிறமே, அது மாதிரி. உடுப்புக் கழுவுற மிசின் வாடகைக்கு."

"அப்ப அப்பிடிச் சொல்லுங்களன்" என்றார் அந்த அம்மா. பிறகு அவரே கேட்டார்: "மழைக்குள்ள காஞ்சும் வருமா? காஞ்சு வருமெண்டா நானும் கொண்டாறன்."

நான் பல வருடங்களாக வியாபாரம் பற்றி எழுதுகிறேன். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவான சந்தை ஆய்வை நான் கண்டதில்லை. இரண்டு வாக்கியங்களில் பெயரும் கிடைத்தது, விற்க வேண்டிய பொருள் எது என்பதும் கிடைத்தது.

வாடகை என்பது நமக்குப் பழகிய சொல். உழவு இயந்திரம், தண்ணீர்ப் பம்பி, ஒலிபெருக்கி, கல்யாண வீட்டுக் கதிரை எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்கிறோம். யாரும் 'காசும் கொடுத்து நானே உழுவதா' என்று கேட்பதில்லை. 1934இல் போர்ட் வேர்த்தில் நடந்ததும் இதேதான். வாடகைதான் இந்த வியாபாரத்தின் உண்மையான கரு. சுயசேவை என்பது அதன் மேல் போர்த்திய துணி.

சோப்புப் போத்தல் சோதனை

பெயர் கிடைத்த சந்தோஷத்தில் இளைஞர் அன்றே முற்பணம் கொடுக்கத் தயாரானார். நான் மறித்தேன். "தண்ணியப் பார்த்தியா தம்பி?" என்று கேட்டேன்.

வாகரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. கிணறுகளில் நமக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர் அதுதான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறிவரும். சுனாமிக்குப் பிறகு இப்பகுதிக் கிணறுகள் உப்பாகிப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது.

நான் கொண்டுபோன மூன்று போத்தல்களில், மழைத் தண்ணீர், நண்பரின் காணிக் கிணற்றுத் தண்ணீர், வாவியிலிருந்து தள்ளி வீதியோரத்தில் உள்ள ஒரு வளவின் கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றை ஒரே அளவாக எடுத்தோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உடுப்புச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினோம். மழைத் தண்ணீர் போத்தலின் வாய்வரை நுரைத்தது. வீதியோரக் கிணறு பரவாயில்லை. காணிக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வரவில்லை, வெள்ளையாய்த் தயிர் திரிந்தது போல மிதந்தது. தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் இப்படித்தான் திரளும். சலவைத் தூள் இதை ஓரளவு தாங்கும். ஆனால் உவர்த் தண்ணீர் இயந்திரத்தின் இரும்புப் பாகங்களை அரிக்கும், வெள்ளை உடுப்பை மங்க வைக்கும்.

முன்பக்கக் கதவுள்ள இயந்திரம் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 முதல் 70 லீற்றர் தண்ணீர் எடுக்கும். மேற்பக்கம் திறக்கும் பழைய வகை 100 லீற்றருக்கு மேலும் எடுக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும் சவுக்காரத் தண்ணீரையும் மறக்கக்கூடாது. மணல் நிலத்தில் அதை அப்படியே விட்டால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் போய்ச் சேரும். தனிக் குழி, வடிகட்டல், பிரதேச சபையின் அனுமதி எல்லாவற்றையும் முதலிலேயே பார்க்க வேண்டும்.

இலவசமாகக் கிடைத்த காணி, தண்ணீரால் விலை கூடிய காணியாகிவிட்டது. வீதியோர வளவை வாடகைக்குப் பேசுவது என்று முடிவாயிற்று.

மாரியும் கச்சானும்

அடுத்தது பருவம். மாரியில், முக்கியமாக நவம்பர் முதல் ஜனவரி வரை, நம் பகுதியில் உடுப்புக் காய்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு அடுப்பங்கரையில் தொங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலோ காலையில் போட்டது பகலுக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இலவசமாகக் காற்று செய்யும் வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கோடையில்தான் தண்ணீரும் இறங்கும்.

ஆகவே இங்கே விற்க வேண்டிய முதற் பொருள் கழுவுதல் அல்ல, காயவைத்தல். மாரிக்கு முன்னே திறக்க வேண்டும். கோடைக்கு வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டும். பாசிக்குடா, காயான்கேணிப் பக்கத்துச் சிறு விருந்தினர் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை நாங்கள் குறித்துக்கொண்டோம்.

கணக்கு

கீழே உள்ளவை கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுத் தொகைகள். உங்கள் ஊர் விலைகளை நீங்கள்தான் விசாரித்துப் போட வேண்டும்.

ஒரு தடவை கழுவிக் காயவைக்க 500 ரூபா என்று வைப்போம். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தூள் எல்லாம் 180 ரூபா. மிச்சம் 320 ரூபா.

இளைஞரின் முதல் திட்டப்படி இயந்திரங்களுக்கு 18 இலட்சம். அதை ஐந்து வருடங்களில் மீட்பதென்றால் மாதம் 30,000 ரூபா. கடை வாடகை 20,000, ஆள் கூலி 30,000, திருத்த வேலைக்கு 10,000. மொத்தம் 90,000 ரூபா. அதை 320ஆல் பிரித்தால் மாதம் 282 தடவைகள். மாதத்தில் 26 நாள் திறந்தால் நாளொன்றுக்கு 11 தடவைகள் ஓடினால்தான் கைக்காசு போகாது. இலாபம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு கழுவும் இயந்திரம், ஒரு காயவைக்கும் இயந்திரம் என்று சுருக்கினோம். இயந்திரம் 7 இலட்சத்து 20 ஆயிரம், மாதம் 12,000. வாடகை 10,000, கூலி 20,000, திருத்தம் 5,000. மொத்தம் 47,000. மாதம் 147 தடவைகள், அதாவது நாளுக்கு 6.

இனி மின்கட்டணத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதை நாம் மறக்கவில்லை. பிறகு குறைந்ததும் உண்டு. ஏறும், இறங்கும். ஒரு தடவைச் செலவு 180இலிருந்து 240 ஆனால் பெரிய கடைக்கு நாளுக்கு 14 தடவை வேண்டும். சிறிய கடைக்கு 7 போதும். பெரிய கடை மூச்சுத் திணறும் இடத்தில் சிறிய கடை நின்று பிடிக்கும்.

நாணயக் குற்றி விடயமும் இருக்கிறது. நம் பையில் கிடைக்கும் 10 ரூபாக் குற்றியால் 500 ரூபா போட வேண்டுமென்றால் 50 குற்றிகள் வேண்டும். ஜப்பானுக்குச் சரியான பொறி நமக்குச் சரிவராது. கடையில் ஓர் ஆளை வைத்து, காசை வாங்கிக்கொண்டு வில்லை கொடுப்பதே வழி. ஆள் எப்படியும் இருக்கப் போகிறார் என்றால், விட்டுவிட்டுப் போகும் உடுப்பையும் அவர் போட்டு எடுக்கலாமே! சுயசேவை என்ற சொல் இங்கே இரண்டாவது தடவையாக அடிபட்டுப் போயிற்று.

பலகையின் மறுபக்கம்

பெயரை எழுதுவது போலவே, எதை எழுதக்கூடாது என்பதும் வியாபாரமே. 2017 செப்டெம்பரில் ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் இத்தகைய கடையொன்று, சுத்தத்தைக் காரணம் காட்டி 'முஸ்லிம்களுக்கு மாத்திரம்' என்று பலகை வைத்தது. அம்மாநில சுல்தான் இப்ராஹீம் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்.

நஜீஸ் பட்ட உடுப்பு பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்வது கடைக்காரன் செய்யக்கூடியதை. ஒவ்வொரு தடவையும் புதிய தண்ணீரில் அலசும் இயந்திரத்தை வாங்குங்கள். நாள் முடிவில் வெறுமனே ஒரு தடவை ஓடவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு அதிகமான உடுப்பை முதலில் அலசிக் கொண்டுவரச் சொல்லி எல்லோருக்கும் பொதுவாக எழுதி வையுங்கள். ஒரு தமிழ் ஊரில், தமிழ் நண்பரோடு பங்காகக் கடை போடும் முஸ்லிம் இளைஞருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

நடந்தது என்ன?

சென்ற மாரிக்கு முன் கடை திறக்கப்பட்டது. பலகையில் 'உடுப்புக் கழுவிக் காயவைக்கும் மெஷின் வாடகைக்கு' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'நீங்களே போடலாம். விட்டுவிட்டும் போகலாம்' என்று இருக்கிறது. முதல் கிழமை வந்தவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். ஈரம் பிழியாத மூன்று போர்வைகளைக் கொண்டுவந்தாராம்.

மழை மாதங்களில் நாளுக்கு எட்டு, ஒன்பது தடவைகள் ஓடின. பங்குனியில் நான்குக்கு இறங்கியது. விடுதி விரிப்புகள் வந்த பிறகு ஆறு, ஏழில் நிற்கிறது. பணக்காரராகவில்லை, கடனாளியாகவும் இல்லை. உம்மாவின் நகை உம்மாவிடமே இருக்கிறது. மீதிச் சேமிப்பு கையில் இருப்பதால் இரவில் நித்திரை வருகிறது என்று சொன்னார்.

வாசகர்களே, வெளிநாட்டிலிருந்து வரும்போது நம் பிள்ளைகள் ஒரு கடையின் படத்தை மனதில் கொண்டுவருகிறார்கள். அந்தப் படத்தில் அந்த ஊரின் தண்ணீரும் மழையும் நாணயமும் மொழியும் தெரிவதில்லை. ஆகவே முதல் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வியாபாரத்தை ஒரே வாக்கியத்தில், அந்த ஊரிலுள்ள வயதான ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியைக் கோபிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் கிடைக்கும்வரை காசை வெளியே எடுக்காதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேறொரு தொழிலோடு சந்திப்போம்.